வைத்தியர் கொடுக்காத கொடி

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வாசு தன் வீட்டுப் பக்கவாட்டு மனையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்து ஒன்றேகால் மணி நேரம் ஆகியிருந்தது. வேலையில் அவ்வளவு ஈடுபாடு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எழுந்திருப்பது எப்படி என்று யோசிப்பதிலேயே அதில் கால் மணி நேரம் போயிருந்தது.

கெலுகோரில் மூலை வீடு என்றால் ஒரு கௌரவம். வரிசையில் இருப்பவர்களுக்கு முன்னால் ஒரு முழம், பின்னால் ஒரு முழம். மூலை வீட்டுக்காரருக்கு மட்டும் பக்கத்தில் ஒரு துண்டு நிலம் கூடுதல். இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்பு வீட்டை வாங்கியபோது அந்தத் துண்டைப் பார்த்து வாசு பூரித்துப்போனார். ஒரு வாழை, ஒரு முருங்கை, நடுவில் ஒரு ஊஞ்சல் என்று கணக்குப் போட்டார். மூன்றும் வந்தன. இன்று மூன்றையும் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். நிலம் முழுக்க ஒரே செடி. பளபளக்கும் பச்சை இலை, அதன்மேல் சட்டைப் பொத்தான் அளவுக்கு மஞ்சள் பூ. பார்க்க அழகாகத்தான் இருந்தது. தெருவில் நடக்கப் போகிறவர்கள் நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அவர்கள் வீட்டில் அது இல்லையே, ஏன் எடுக்க மாட்டார்கள்?

அந்தக் கொடிக்குக் கணுவுக்குக் கணு வேர். ஒரு நுனியைப் பிடித்து இழுத்தால், இதோ முழுசாக வந்துவிடுகிறேன் என்று ஆசை காட்டும். நான்காவது கணுவில் படக்கென்று ஒடியும். ஒடிந்த மிச்சம் மண்ணுக்குள் பதுங்கிக்கொள்ளும். பத்து நாள் கழித்து இரண்டு இலையை நீட்டி, கூப்பிட்டீர்களா என்று கேட்கும்.

போன வருடம் புல் வெட்டும் மெசினை இரவல் வாங்கி அடித்துப் பார்த்தார். அதைவிட மண்வெட்டியால் தன் தலையிலேயே அடித்துக்கொண்டிருக்கலாம். மெசின் அந்தச் செடியை நாலாயிரம் துண்டாக்கி, வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாரபட்சமில்லாமல் தூவியது. அன்று மாலையே நல்ல மழையும் பெய்தது. சம்பளம் கொடுத்து ஆள் வைத்து நாற்று நட்டிருந்தால்கூட அவ்வளவு சீராக வந்திருக்காது. சரி என்று கறுப்புப் பைகளில் அள்ளிப் போட்டு முருங்கை நிழலில் வைத்தார். பையின் வாயைக் கட்ட மறந்துவிட்டார். இரண்டு வாரத்தில் பையே பூத்தது.

இத்தனைக்கும் வாசு பாயான் லெப்பாஸில் கணினிச் சில்லுத் தொழிற்சாலை ஒன்றில் முப்பது வருடமாகத் தரக்கட்டுப்பாட்டில் இருப்பவர். ஒரு துகள் தூசு விழக்கூடாத அறையில், தலையிலிருந்து கால் வரை வெள்ளை உடுப்பு மாட்டிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத பழுதையெல்லாம் கண்டுபிடிக்கிற மனிதர்.

"பசியாறியாச்சா வாசு?"

வேலிக்கு அப்பால் ஹபீப் முகம்மது நின்றிருந்தார். பின்வீட்டுக்காரர். எழுபது வயது தாண்டியவர். முன்பு மீ கோரெங் நூடுல்ஸ் கடை வைத்திருந்தவர், இப்போது வீட்டுக்கு மட்டும் சமைக்கிறார்.

"ஆச்சு பாய்."

"நேத்து நல்ல மழ, இல்ல?"

வாசு தலையைக் குனிந்துகொண்டார். பாய் மழையைப் பற்றிப் பேசினால் அது மழையைப் பற்றியது அல்ல.

"தண்ணி உள்ள வந்துருச்சா பாய்?"

"அடுப்பங்கரைக்கு மட்டுந்தான் லா. ஹாலுக்கு வரல. ஃப்ரிட்ஜுக்கு அடியில கல்லு வச்சித் தூக்கிட்டேன். பரவால்ல, தரையும் கழுவுன மாதிரி ஆச்சு."

இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஓடுகிற லோங்காங் சாக்கடையில் இப்போது தண்ணீர் ஓடுவதில்லை. கொடிதான் ஓடியது. சாக்கடை ஓரத்தில் பாய் சமையலுக்கு வளர்த்த செராய் என்ற எலுமிச்சைப்புல் புதர் நான்கும் அதன் அடியில் போய்ச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிவிட்டது. பாய் ஒரு தடவை கத்தியிருந்தால் வாசுவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அந்த மனிதர் கத்தமாட்டேன் என்கிறார்.

"மன்னிச்சிக்குங்க பாய். நாளைக்குள்ள எல்லாத்தையும் எடுத்துர்றேன். இந்தப் பக்கம் விட்டா மறுபடி அந்தப் பக்கம் வரும். மொத்தமாவே எடுத்துர்றேன்."

"மொத்தமாவா?" பாய் குரலைத் தாழ்த்திக்கொண்டு வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தார். "தங்கச்சி ஒத்துக்கிருச்சா?"

வாசு ஒரு கொடியைப் பிடித்து இழுத்தார். நான்காவது கணுவில் ஒடிந்தது.

தங்கச்சி என்று பாய் சொன்னது வாசுவின் மனைவி புஷ்பவள்ளியை. அவள் ஒத்துக்கொள்ளவில்லை. ஒத்துக்கொள்ளாததற்குக் காரணம், செடியின் மேல் அவள் வைத்திருந்த நம்பிக்கை. நம்பிக்கைக்குக் காரணம் வாசு சொன்ன ஒரு பொய். பொய் என்றுகூடச் சொல்ல முடியாது. ஒரே ஒரு சொல்தான். "ஆமா."

இரண்டரை வருடத்துக்கு முன்னால் புஷ்பவள்ளிக்கு மார்பில் அறுவை நடந்து, ஊசி மருந்தும் ஏறி முடிந்திருந்தது. தலையில் ஒரு முடி இல்லை. வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுப்பவள் அவள். வருகிறவர்கள் போட்டுப் பார்க்க ஓர் ஆளுயரக் கண்ணாடி இருந்தது. அதை அவள் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டாள். ரவிக்கை போட்டுப் பார்க்க வந்தவர்கள், "அக்கா, முதுகு சரியா இருக்கா?" என்று அவளிடமே கேட்டுக்கொண்டு போனார்கள். மருந்து நின்றால் முடி தானாக வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். டாக்டர் சொன்னது அவள் காதில் ஏறவில்லை. உறவுக்காரப் பெண் ஒருத்தி கைப்பேசியில் அனுப்பிய குரல் செய்தி ஏறியது: மஞ்சள் கரிசலாங்கண்ணியைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சி, நாற்பத்தெட்டு நாள் தேய்த்தால் முடி வரும், வந்த நோயும் திரும்பி வராது.

பாகான் டாலாமில் ஒரு நாட்டு வைத்தியர் இருக்கிறார், அவரிடம் அந்தச் செடி உண்டு என்று யாரோ சொன்னார்கள். வாசு மோட்டார் சைக்கிளில் பாலத்தைத் தாண்டிப் போனார். கடை மூடிக் கிடந்தது. கதவில் ஓர் அட்டை: இந்தியா போயிருக்கிறேன். எப்போது வருவேன் என்பதை வைத்தியர் எழுதவில்லை.

திரும்பி வரும்போது மழை. பாலம் இறங்கிச் சிக்னலில் நின்றார். பக்கத்தில், சாலை நடுவே இருந்த மண்திட்டு முழுக்க மஞ்சள் பூ. வாசு மோட்டாரை ஓரங்கட்டிவிட்டு, மழைத்துளி விழுந்த கைப்பேசியில் உறவுக்காரப் பெண் அனுப்பிய படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பூ மஞ்சள், சரி. இலை பச்சை, சரி. முப்பது வருடத் தரக்கட்டுப்பாட்டு அனுபவம் அந்த இரண்டு சோதனையோடு செடி தேறிவிட்டதாக அறிவித்தது. மூன்று கொடியைப் பிடுங்கி மழைச்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து நீட்டியபோது புஷ்பவள்ளி கேட்டாள்: "வைத்தியரு குடுத்தாரா?"

ஐந்து மாதமாக அந்த முகத்தில் இல்லாத ஒன்று அப்போது வந்தது. அதைப் பார்த்துக்கொண்டே வேறு என்ன சொல்வது?

"ஆமா."

இலையை எண்ணெயில் காய்ச்சித் தேய்த்தாள், கொடியை மனையில் நட்டார்கள். ஆறாவது வாரம் முடி துளிர்த்தது. ஒரு வருடத்தில் காதுக்குக் கீழே வந்தது. கண்ணாடி மறுபடி அறையைப் பார்த்துத் திரும்பியது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பெரியாஸ்பத்திரியில் சோதனை. போகும் முன் அவள் பக்கவாட்டு மனைக்கு வந்து ஒரு பூவைக் கிள்ளிக் கைப்பைக்குள் போட்டுக்கொள்வாள். ஒவ்வொரு தடவையும் சோதனை சுத்தமாக வந்தது. சாமி அறையில் விளக்கேற்ற மறந்தாலும் மறப்பாள், வெள்ளிக்கிழமை எண்ணெய் காய்ச்ச மறக்கமாட்டாள்.

போன வருடம்தான் வாசுவுக்கு உண்மை தெரிந்தது. செடியைப் படம் பிடித்தால் பெயர் சொல்லும் செயலி ஒன்றைக் கைப்பேசியில் ஏற்றிக்கொண்டு, ஆசையாகத் தன் செடிமேலேயே முதலில் பிடித்துப் பார்த்தார். இது மஞ்சள் கரிசலாங்கண்ணி இல்லை, அதன் தூரத்துச் சொந்தம் என்றது செயலி. அதன் இலை நீளமாக இருக்கும், இதன் இலைக்கு மூன்று மூலை. ஆடு மாட்டுக்கும் ஆகாது என்று ஒரு வரி. உலகத்திலேயே மோசமான நூறு ஊடுருவிகளின் பட்டியலில் இதற்கும் இடம் உண்டு என்று இன்னொரு வரி. அந்த வரியைப் படித்தபோது வாசுவுக்கு ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது. அவர் கை வைத்த எதுவும் அதற்கு முன் உலக அளவுக்குப் போனதில்லை.

அதன்பிறகு சொல்லிவிடலாம் என்று நினைத்த நாட்கள் பல. எண்ணெய் தலைக்குத்தானே போகிறது, தேங்காய் எண்ணெய் யாரைக் கெடுத்தது என்று தள்ளிப்போட்ட நாட்கள் அதைவிடப் பல. இப்போது அவருக்கு எல்லாமே அலுத்துவிட்டிருந்தது. செடி, ஷிஃப்ட் வேலை, பாயின் நல்ல குணம், வெள்ளிக்கிழமை எண்ணெய் வாசம், எல்லாமே.

"என்னாங்க இது?"

புஷ்பவள்ளி பின்வாசலில் நின்றிருந்தாள். முதல் நாள் எண்ணெயோடு முடியைக் கொண்டையாக முடிந்திருந்தாள். நிறைந்து கிடந்த மூன்று கறுப்புப் பைகளைப் பார்த்தாள்.

"லோங்காங் பக்கம் மட்டும் எடுக்கறேன் புஷ்பா."

"லோங்காங் எங்க இருக்கு, நீங்க எங்க இருக்கீங்க? ஊஞ்சலுக்கு அடியில ஒக்காந்துகிட்டு லோங்காங்குன்னா?"

"வேரு இங்கேருந்துதான் போவுது."

"வியாழக்கெழம செக்கப் முடியற வரைக்கும் கை வைக்காதீங்கன்னு சொன்னேனா இல்லியா? அஞ்சு நாளு. அஞ்சு நாள்ல ஒங்களுக்கு என்னா கொள்ள போவுது?"

"பாய் வீட்டு அடுப்பங்கரையில தண்ணி பூந்துருச்சி."

அது அவளைத் தொட்டது. பாயின் வீட்டில் சமைத்ததைத்தான் ஊசி மருந்து நாட்களில் பாதி வாரம் அவர்கள் சாப்பிட்டார்கள்.  ஆனாலும் குனிந்து, ஒரு பையைத் திறந்து, உள்ளேயிருந்து வேர் நல்லதாக இருந்த கொடிகளைப் பொறுக்கி எடுக்க ஆரம்பித்தாள். வாசு உள்ளே போட்டதை அவள் வெளியே எடுப்பது இந்த வாரத்தில் இது மூன்றாவது முறை.

"பாய்கிட்ட நான் பேசிக்கிறேன். அதிரா இப்ப வந்துரும். அதுக்கு இத வச்சிக் குடுங்க."

"யாரு அதிரா?"

"சொன்னேன்ல, ஆயர் ஈத்தாம் கோயில்ல பாத்தேன்னு. சின்னப் பொண்ணுங்க, முப்பத்தி மூணு வயசு. இன்னும் மூணு ஊசி இருக்காம். தலையில துணி கட்டிகிட்டு மூலையில நின்னுச்சி. என்னா பாக்கறதுக்கு நான் அன்னிக்கி நின்ன மாதிரியே..." அவள் முடிக்கவில்லை. "இதோட நாலு பேருக்கு ஆச்சு. புண்ணியம்தானே."

அதிரா பத்து மணிக்கு வாடகைக் காரில் வந்து இறங்கினாள். கையில் ஒரு பெட்டி குவே பலகாரம். தலையில் பூப்போட்ட பருத்தித் துணி. புருவம் இருந்த இடத்தில் பென்சிலால் இரண்டு கோடு, ஒன்று கொஞ்சம் மேலே ஏறியிருந்தது. வாசுவைப் பார்த்துச் சிரித்தபோது அந்தக் கோடு இன்னும் மேலே ஏறியது. அவருக்கு ஏனோ அவளை நேராகப் பார்க்க முடியவில்லை.

"இவ்ளோ இருக்கே அண்ணே! ஏன் புடுங்கிட்டு இருக்கீங்க?"

"சாக்கடைய அடைச்சிருச்சிம்மா. இது ஒரு தடவ வந்துச்சின்னா லேசுல போவாது. ஒரு துண்டு உள்ள தங்கிட்டாலும் மறுபடியும்..."

வாய் பாதியில் நின்றது. அவருக்குத் தன்னைத்தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. அதிரா கவனித்ததாகத் தெரியவில்லை; அல்லது கவனித்துப் பழகிவிட்டவளாக இருக்கலாம். ஊஞ்சலில் உட்கார்ந்தாள். புஷ்பவள்ளி தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்து, தன் கொண்டையை அவிழ்த்துத் தோளில் போட்டுக் காட்டினாள். அதிரா அதைத் தொட்டுப் பார்த்தாள். இரண்டு விரலால், கடையில் பட்டுத் துணியைப் பார்ப்பதுபோல.

"எண்ணெய காய்ச்சறது ஒன்னும் சூசா இல்ல, சுலபந்தான். அடுப்ப சின்னதா வச்சிக்கணும், அவ்ளோதான்," என்றாள் புஷ்பவள்ளி.

"அக்கா, ஒன்னு கேக்கறேன். இத அரச்சி சாறு எடுத்துக் குடிக்கலாமாம்ல? ஈரலுக்கு நல்லதாம். ஒரு வீடியோவுல பாத்தேன். காலையில வெறும் வயித்துல அர டம்ளர். மருந்து ஏத்தி ஏத்தி எனக்கு ஈரல் கணக்கு கொஞ்சம் ஏறியிருக்குன்னாங்க. அதான் நாளையிலேருந்து ஆரம்பிக்கலாம்னு."

"டாக்டர்கிட்ட கேட்டியா?"

"அவங்க எல்லாத்துக்கும் வேணாம்னுதான் சொல்லுவாங்க."

"அதுவும் சரிதான். கீரதானே, தாராளமா குடி," என்ற புஷ்பவள்ளி வாசு பக்கம் திரும்பினாள். "இல்லீங்க? வைத்தியரு சாறு பத்தி ஏதும் சொன்னாரா?"

வாசுவின் கையில் நாலு கொடி இருந்தது. அதிராவுக்காக ஈரத்துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். இன்னும் ஒரு "இல்லை", ஒரு "டாக்டரைக் கேட்டுக்கம்மா" போதும், இந்தச் சனிக்கிழமையும் கடந்துவிடும் என்று மனம் வழக்கம்போல் குறுக்குவழி காட்டியது. அந்தப் பென்சில் கோட்டைப் பார்த்தார். துணியைப் பிரித்துக் கொடியைக் கீழே போட்டார்.

"குடிக்காதம்மா. இது கரிசலாங்கண்ணி இல்ல."

புஷ்பவள்ளி சிரித்தாள். "வெயில்ல ஒக்காந்து மண்ட காஞ்சி போச்சி இவருக்கு."

"இல்ல புஷ்பா. அன்னிக்கி வைத்தியரு கட மூடிக் கெடந்துச்சி. அவர நான் பாக்கவே இல்ல. பாலம் எறங்குற எடத்துல, ரோட்டு நடுவுல இருந்தத புடுங்கிட்டு வந்தேன். அதுதான்னு நெனச்சேன். போன வருசந்தான் தெரிஞ்சிச்சி, வேற செடின்னு."

 அதிரா குவே பெட்டியின் மூடியை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள்.

"எந்த ரோட்டு நடுவுல?" என்றாள் புஷ்பவள்ளி.

"சிக்னல் கிட்ட."

"நாம தெனம் போற ரோடா?"

"ம்."

"லாரியில வந்து வெட்டி வெட்டிக் குமிச்சிப் போடுவானுங்களே, அதுவா?"

"அதேதான்."

"ரெண்டர வருசமா," என்று ஆரம்பித்தாள்.  அவிழ்ந்து கிடந்த முடியை வாரி முடிந்துகொண்டாள். கீழே கிடந்த கொடிகளை எடுத்துக் கறுப்புப் பைக்குள் போட்டாள். உள்ளே போய்விட்டாள்.

வாசு இருந்த இடத்திலேயே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அதிரா மெதுவாகக் கேட்டாள்:

"அப்ப அக்காவுக்கு முடி எப்படி வந்துச்சி அண்ணே?"

"மருந்து நின்னா வரும்னு டாக்டர் அன்னிக்கே சொன்னாரு. ஆறாவது வாரம் வந்துச்சி."

"தானாவா?"

"தானா."

"எண்ணெய் இல்லாட்டியும் வந்திருக்குமா?"

"வந்திருக்கும்மா. என்னப் பாரு, முப்பது வருசமா வெதவெதமா எண்ணெய் தடவறேன்," என்று தன் வழுக்கையைத் தடவிக் காட்டினார். "வரணும்னா தானா வரும். போவணும்னா யாராலயும் நிறுத்த முடியாது."

அதிரா சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். பாதியில் அது வேறொன்றாக மாறியது. துணியின் ஓரத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒரு புருவம் கையோடு வந்துவிட்டது. "தானா வரும்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வீடியோவில் பார்த்த எதைவிடவும் அவளுக்கு அது பிடித்திருந்தது போலிருந்தது.

புஷ்பவள்ளி வெளியே வந்தபோது கையில் ஒரு டிபன் கேரியர். முகம் கழுவியிருந்தாள். வாசு இருந்த பக்கமே பார்க்கவில்லை.

"சாம்பாரும் கத்திரிக்கா பெரட்டலும் இருக்கு, கொண்டு போயி சாப்புடு. அடுத்த ஊசி எப்ப?"

"செவ்வாக்கெழம."

"யாரு கூட வருவா?"

"யாரும் இல்லக்கா. அம்மாவுக்கு முட்டி வலி."

"நான் வரேன். டாக்டர் வாயால கேட்டுட்டு எத வேணும்னாலும் குடி, நானே அரச்சிக் குடுக்கறேன். கேக்காம ஒரு சொட்டு குடிக்கக் கூடாது."

அதிரா போன பிறகு வீட்டில் பேச்சு நின்றது. புஷ்பவள்ளி கோபத்தில் சமையலை நிறுத்துகிறவள் அல்ல. கரண்டியைக் கொண்டு பேசுகிறவள். சாதம் தட்டில் விழுந்த வேகத்தில் வாசுவுக்குத் தன் தீர்ப்பு தெரிந்தது. கொடி வாங்கிப் போன மற்ற மூன்று பேருக்கும் அவள் போன் போட்டாள். ஒவ்வொரு போனிலும், "எங்க வீட்டுக்காரரு ஒரு வேல பண்ணிட்டாரு," என்று ஆரம்பித்தாள். கதவைச் சாத்திக்கொண்டு பேசவில்லை. வாசு கேட்கவேண்டும் என்றே ஹாலில் உட்கார்ந்து பேசினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசு மறுபடி மனைக்கு வந்தபோது அவள் அங்கே முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, சாக்கடை ஓரமாக, ஒரு பழைய கத்தரிக்கோலின் முனையால் கணுவுக்குக் கீழே குத்தித் தளர்த்தி, ஒவ்வொரு கொடியையும் ஒடியாமல் முழுசாக எடுத்துக்கொண்டிருந்தாள். தையல் பிரிக்கிற கை. வாசு ஒன்றரை வருடமாக இழுத்து இழுத்துக் கற்றுக்கொள்ளாத வித்தை அது. எடுத்ததை மண்ணில் போடவில்லை. சிமெண்டுத் தரையில் வெயிலில் பரப்பியிருந்தாள்.

வேலிக்கு அப்பால் பாய் வந்தார், இருவரையும் பார்த்தார், பசியாறியாச்சா என்றுகூடக் கேட்காமல் திரும்பிப் போய்விட்டார். விவரமான மனிதர்.

வெயில் ஏறும் வரை இரண்டு பேரும் எடுத்தார்கள். பிறகு அவள் கையை நிறுத்தாமலே கேட்டாள்:

"வியாழக்கெழமைக்கு நான் எத நம்பிங்க போறது?"

வாசு தயார் செய்து வைத்திருந்த மன்னிப்பு எதுவும் அந்தக் கேள்விக்குப் பொருந்தவில்லை. சோதனை இதுவரை சுத்தமாக வந்ததற்குச் செடி காரணம் இல்லை, அதனால் இனியும் வரும் என்று சொல்லலாம். அது பாதிதான் சரி என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

"நான் வரேன் புஷ்பா."

"நீங்க எப்பவுந்தான் வரீங்க. கேன்டீன் வரைக்கும்."

அது உண்மை. இதுவரை அத்தனை சோதனைக்கும் வாசுதான் அவளைக் காடியில் கூட்டிப் போனார். வாசலில் இறக்கிவிட்டு, பார்க்கிங் தேடுகிறேன் என்று போய், பார்க்கிங் கிடைத்த பிறகும் கேன்டீனில் தேத்தண்ணியோடு உட்கார்ந்துகொள்வார். அவள் வெளியே வந்து தலையாட்டிய பிறகுதான் மூச்சு விடுவார். டாக்டர் அறைக் கதவைப் பார்க்க அவருக்குப் பயம். அதை அவளிடம் சொன்னதில்லை. அதற்குப் பதிலாகத்தான் அந்த "ஆமா"வைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார் என்பது இப்போது அவருக்கே புரிந்தது.

"இந்த தடவ உள்ள வரேன்."

அவள் நம்பியதாகத் தெரியவில்லை. ஒரு கொடியை முழுசாக உருவி, தூக்கிப் பார்த்து, வெயிலில் போட்டாள்.

வியாழக்கிழமை அவள் மனைப் பக்கம் போகாமல் நேராகக் காடியில் ஏறினாள். அங்கே கிள்ள ஒன்றும் இல்லை. மண்ணின்மேல் கறுப்புக் கென்வஸ் விரித்துக் கல் வைத்திருந்தது. ஆறு மாதமாவது அப்படியே கிடக்க வேண்டும், நடுநடுவே தூக்கிப் பார்த்துத் துளிர்த்ததை எடுக்க வேண்டும். வாசுவுக்கு அதை நினைத்தாலே இடுப்பு வலித்தது.

ஆஸ்பத்திரியில் பார்க்கிங் உடனே கிடைத்துவிட்டது. தப்பிக்க வழியில்லை. காத்திருக்கும் இடத்தில் குளிர்சாதனம் எலும்பைத் தின்றது. புஷ்பவள்ளி கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், உள்ளே பார்த்தாள், மூடினாள். வாசு கால்களை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"கால ஆட்டாதீங்க. இங்க வந்து ஒக்காந்து என்னா பண்ணப் போறீங்க?"

"தெரியல."

"பின்ன?"

"கேன்டீன்லயும் தெரியாமத்தான் ஒக்காந்திருந்தேன்."

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். ஐந்து நாளில் முதல் தடவையாக முழுசாகப் பார்த்தாள்.  அப்போது சுவர்த் திரையில் அவள் எண் விழுந்தது.

டாக்டர் ஷர்மினியின் மேசைக்கு முன்னால் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் புஷ்பவள்ளி உட்கார்ந்தாள். இன்னொன்றின்மேல் தன் கைப்பையை வைக்கப் போனவள், ஏதோ நினைத்துக்கொண்டு மடியிலேயே வைத்துக்கொண்டாள். வாசு உட்கார்ந்தார். 

டாக்டர் கணினியிலிருந்து தலையைத் தூக்கினார். இரண்டரை வருடமாக ஒரே ஆளைப் பார்த்துப் பழகியவர், இப்போது இரண்டு பேரைப் பார்த்தார்.

"இவரு யாரும்மா?"

"வீட்டுக்காரரு," என்றாள் புஷ்பவள்ளி. "புதுசா வந்திருக்காரு."

டாக்டர் சிரித்துவிட்டு, சோதனை முடிவைத் திறப்பதற்காகத் திரையின் பக்கம் திரும்பினார். வாசு நாற்காலியை மேசையை நோக்கி இன்னும் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.